ஒரு வட்டார மாநாட்டின் வரலாற்றை எழுதப் போனபோது

சங்க வரலாறு எழுதச் சொன்னால் தலைவர்களின் பெயர்களையும் கூடிய ஊர்களையும் வரிசையாகப் போட்டுவிட்டு எழுந்துவிடுவது வழக்கம். நான் பல ஆண்டுகளாகப் போய்வரும் வட்டாரச் சட்ட நூலகர் மாநாட்டுக்கும் அப்படியொரு வரலாறு ஏற்கெனவே இருந்தது. ஆண்டு, ஊர், தலைவர், செயலாளர்; அதற்குமேல் ஒரு வரி கிடையாது. அதைக் கொஞ்சம் விரித்து எழுதித் தரும்படி செயற்குழு என்னிடம் கேட்டது. அத்துடன் பழைய அட்டைப் பெட்டிகளும் என் அறைக்கு வந்து சேர்ந்தன. யார் எதற்காக வந்தார்கள், எதைப் பற்றி முணுமுணுத்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பெட்டிகளில்தான் இருந்தது.

அமெரிக்காவில் இந்தக் கதையின் வேர் 1906ஆம் ஆண்டில் இருக்கிறது. ரோட் ஐலண்டு மாநிலத்தின் நாரகன்செட் பியர் என்னும் கடற்கரை ஊரில் அமெரிக்க நூலகச் சங்கத்தின் மாநாடு நடந்தது. அங்கு வந்திருந்தவர்களில் 24 பேர் தனியே கூடி அமெரிக்கச் சட்ட நூலகங்களின் சங்கத்தைத் தொடங்கினார்கள். முன்னின்று நடத்தியவர் அயோவா மாநிலத்தின் சட்ட நூலகர் ஏ. ஜே. ஸ்மால். அவரே முதல் தலைவரும் ஆனார்.

பிரிந்துபோனதில் எனக்கு வியப்பில்லை. பொது நூலகத்தாரின் கவலை, வாசகரை எப்படி உள்ளே வரவழைப்பது என்பது. சட்ட நூலகத்துக்கு யாரையும் வரவழைக்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில் வாதாட வேண்டியவர் தானே ஓடி வருவார். அவருக்குத் தெரிய வேண்டியது, கையில் இருக்கும் தீர்ப்பு இன்றைக்கும் செல்லுமா, மேல் நீதிமன்றம் அதை மாற்றிவிட்டதா என்பதுதான். அந்த 24 பேரும் வேலை தெரிந்தவர்கள். இரண்டே ஆண்டுகளில், 1908இல், சட்ட இதழ்களில் வரும் கட்டுரைகளுக்குத் தொடர் அட்டவணை ஒன்றையும் தங்களுக்கென ஓர் இதழையும் வெளியிடத் தொடங்கிவிட்டார்கள். தீர்மானம் நிறைவேற்றிவிட்டுக் கலைந்துபோகும் சங்கங்களைப் பார்த்தே பழகிய எனக்கு இது பெரிய செய்தி.

தேசிய மாநாடு இருக்கும்போது வட்டார மாநாடு எதற்கு? மாவட்ட நீதிமன்றத்தில் ஒற்றை ஆளாக நூலகத்தைக் கவனிப்பவரிடம் கேட்டால் தெரியும். நான்கு நாள் கதவைப் பூட்டிவிட்டு நாட்டின் மறுகோடிக்குக் கிளம்ப அவரால் முடியாது. அனுப்பி வைக்க அவருடைய அலுவலகத்துக்கு மனமும் இராது. வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பிச் சனிக்கிழமை இரவு திரும்புவதென்றால் வருவார். அதோடு, சட்ட அலுவலகத்தில் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் வழக்கறிஞர்கள். தொழிலில் ஒரு சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்க ஆள் இல்லை. நியூயார்க் வட்டாரத்தில் 1938இலேயே ஒரு சங்கம் அமைந்துவிட்டது. மற்ற பகுதிகளும் பின்தொடர்ந்தன. கனடாக்காரர்கள் அமெரிக்கச் சங்கத்தின் கிளையாக இருந்து, பிறகு தனிச் சங்கமாகப் போனார்கள். பன்னாட்டுச் சங்கம் 1959இலும் பிரிட்டன், அயர்லாந்துக்கான சங்கம் 1969இலும் வந்தன.

இனி பெட்டிகளுக்கு வருகிறேன். வரவேற்புரைகளும் நன்றியுரைகளும் எல்லா ஆண்டிலும் ஒன்றுதான், அவற்றை ஒதுக்கிவிடலாம். எனக்குப் பிடித்தது பரிமாற்றப் பட்டியல்கள். இரண்டாம் பிரதியாகக் கிடக்கும் தீர்ப்புத் தொகுதிகளையும் இதழ்களையும் கார்பன் வைத்துத் தட்டச்சு செய்து மாநாட்டுக்குக் கொண்டுவருவார்கள். தேவைப்படுகிறவர் ஓரத்தில் பென்சிலால் தன் நூலகத்தின் பெயரை எழுதுவார். ஒரு பட்டியலில் ஒரே தொகுதிக்கு மூன்று பேர் பெயர் எழுதி, இரண்டு பெயர்கள் அடிக்கப்பட்டு, அடிக்கப்பட்ட ஒன்றின் அருகே ‘எனக்கு முதலில் சொன்னார்கள்’ என்று சிறிய எழுத்தில் இருந்தது. ஒரு நூலகத்தின் தொடர்வரிசையில் விடுபட்ட ஒரு தொகுதி அதன் நூலகரை எவ்வளவு உறுத்தும் என்பது அந்தப் பென்சில் வரியில் தெரிகிறது. எந்தத் தலைமையுரையிலும் அது இல்லை.

ஒவ்வோர் ஆண்டின் நிகழ்ச்சி நிரலையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் தொழிலின் கவலை எப்படி இடம் மாறியது என்று புரியும். பழைய நிரல்களில் ஓயாமல் வருவது வகைப்பாடு, அதாவது புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண்ணிடும் முறை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் தன் வகைப்பாட்டைத் துறைவாரியாக வெளியிட்டுக்கொண்டே வந்தது. சட்டத்துக்கென்று ஒதுக்கிய ‘கே’ எழுத்து மட்டும் பல பத்தாண்டுகள் காலியாகவே கிடந்தது. அமெரிக்கச் சட்டத்துக்கான ‘கேஎஃப்’ பகுதி 1969இல்தான் வந்தது. அதுவரை சட்ட நூலகங்கள் சொந்தமாக ஏதாவது முறை வகுத்துக்கொண்டன, அல்லது ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்கிவிட்டுச் சும்மா இருந்தன. வந்த பிறகும் சண்டை ஓயவில்லை: இருக்கும் புத்தகங்களை எல்லாம் மாற்றி எண்ணிடுவது யார்?

அடுத்தது லூஸ்லீஃப். வரிச்சட்டம், தொழிலாளர் சட்டம் போன்றவை அடிக்கடி மாறுவதால் கழற்றி மாட்டும் தாள்களாக வரும். உறையைப் பிரித்தால் மேலே ஒரு குறிப்புத்தாள் இருக்கும்: 301 முதல் 312 வரை எடுக்கவும், 301 முதல் 318.4 வரை செருகவும். ஒரு தாள் இடம் மாறினால் பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். அதை நம்பி ஒருவர் நீதிமன்றத்தில் நிற்பார். இந்த வேலையை இளநிலை ஊழியரிடம் விடலாமா, மாணவரிடம் விடலாமா என்று மாநாட்டில் அமர்வே நடத்தியிருக்கிறார்கள். வெளியாட்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நான் அந்தத் தாள்களைச் செருகியவன், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தீர்ப்புகளையும் சட்டங்களையும் கணினியில் தேடித் தரும் சேவைகளான லெக்சிஸ் 1973இலும் வெஸ்ட்லா 1975இலும் வந்த பிறகு நிரல்களின் தொனியே மாறுகிறது. இணைப்பில் இருக்கும் நேரத்துக்குக் கட்டணம் என்பதால், தேடற்சொற்களைத் தாளில் எழுதிச் சரிபார்த்துவிட்டுத்தான் முனையத்தைத் தொட வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று கட்டணக் கவலை இல்லாமல் தட்டுகிற இளைஞர்களைவிட அவர்கள் கூர்மையாகத் தேடியிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

பொருளாளர் அறிக்கைகள் வேறொரு கதை சொல்கின்றன. பதிவுக் கட்டணம் குறைவாக இருந்ததற்குக் காரணம் பதிப்பகங்களின் நன்கொடை. காலை அமர்வில் சந்தா விலையேற்றத்தைத் திட்டுவது, இரவில் அதே பதிப்பகத்தின் விருந்தில் உட்காருவது! இதில் நானும் அடக்கம். 1994இல் லெக்சிஸை ரீட் எல்சவியர் என்ற பெரிய பதிப்பகமும், 1996இல் வெஸ்ட்லாவை நடத்திய வெஸ்ட் நிறுவனத்தைத் தாம்சன் என்ற இன்னொரு பெரிய பதிப்பகமும் வாங்கின. சிறு நிறுவனங்கள் பெரியவற்றுக்குள் மறையமறைய மாநாட்டுக் கூடத்தில் ஸ்டால்கள் குறைந்தன. விலை பேசும் வாய்ப்பும் குறைந்தது. ஸ்டால்களின் வரைபடத்தை வைத்தே சட்டப் பதிப்புத் தொழிலின் வரலாற்றை எழுதிவிடலாம்.

என் மதிப்பில் இந்தக் கூட்டங்களால் விளைந்த பெரிய நன்மை வேறு. அரசுகள் சட்டத்தை அச்சிடுவதை நிறுத்தி இணையத்தில் மட்டும் போட ஆரம்பித்தபோது, திரையில் தெரிவதுதான் அதிகாரபூர்வமான சட்டம் என்பதற்கு என்ன உறுதி என்று நூலகர்கள் விடாமல் கேட்டார்கள். 2007இல் தேசியச் சங்கம் மாநிலம் மாநிலமாக ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 2011இல் ‘சீரான மின்னணுச் சட்ட ஆவணச் சட்டம்’ என்னும் மாதிரிச் சட்டம் உருவாகி, பல மாநிலங்கள் அதை ஏற்றன. மாநிலம் மாநிலமாக எடுத்துச்செல்ல வேண்டிய இத்தகைய வேலைக்கு அந்தந்த மாநிலத்தை அறிந்த ஆட்கள் வேண்டும். அவர்கள் கூடிப் பேசும் இடம் வட்டார மாநாடுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் வரலாற்றில் ஓட்டை விழுந்திருப்பது கார்பன் தாள் காலத்தில் இல்லை. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில்தான். நிகழ்ச்சி நிரல்கள் இணையதளத்தில் மட்டும் இருந்தன. தளத்தைப் புதுப்பித்தபோது போய்விட்டன. தீர்ப்புகளிலும் சட்ட இதழ்களிலும் காட்டப்படும் இணைய முகவரிகள் செத்துப்போவதைப் பற்றி ஊருக்கெல்லாம் எச்சரித்தவர்கள் நாங்கள். ஹார்வர்டு சட்டப் பள்ளி நூலகம் 2013இல் பெர்மா என்ற, இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் சேவையைத் தொடங்கியதே இந்தத் தொல்லைக்காகத்தான்.

விடுபட்ட ஆண்டுகளுக்காகப் பழைய உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினேன். ஓய்வுபெற்ற ஒரு அம்மையார் பெயரட்டைகளையும் நிரல்களையும் ஒரு பை நிறைய அனுப்பிவைத்தார். நிரல்களின் பின்பக்கம் அவர் குறித்துவைத்த கேள்விகளே ஒரு அத்தியாயத்துக்குப் போதும். இனி ஒவ்வோர் ஆண்டும் ஒரு நிரலையாவது அச்செடுத்துப் பெட்டியில் போட வேண்டும் என்று கேட்டேன். செயற்குழு உடனே ஒப்புக்கொண்டது. பெட்டிக்கு எந்த நூலகம் இடம் தருவது என்பதில்தான் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.