அடுத்த இன்டேக்

"அடுத்த இன்டேக்ல போய்க்கலாம் தம்பி, இப்ப என்ன அவசரம்?"

நான் சொன்னது இவ்வளவுதான். தொழிற்சாலை கேன்டீனில், ஓய்வு நேரத்தில். என்னோடு வேலை செய்யும் பையன் கையில் தொழிற்பயிற்சி நிலையத்தின் கடிதம். வெல்டிங் படிப்பு, ஜூலை இன்டேக்கில், அதாவது மாணவர் சேர்க்கையில், பதிவு. சரித்திரத்தில் தேறாததால் அவனுக்கு மலேசியாவில் ஐந்தாம் படிவத்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழ் கிடைக்கவில்லை; 2013 முதல் விதி அப்படித்தான். எஸ்.கே.எம். என்ற தொழில்திறன் சான்றிதழ்ப் படிப்புக்கு எஸ்.பி.எம். தேவையில்லை என்று அவனே தேடிக் கண்டுபிடித்து மனு போட்டிருந்தான். கடிதத்தை நான்காக மடித்து, பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தான். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அவன் அனுமதி கேட்கவில்லை. "நீங்க என்னண்ணே சொல்றீங்க?" என்றுதான் கேட்டான்.

நான் பொய் சொல்லவில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். பயிற்சிக்குப் போனால் கையில் வருவது அதன் பக்கத்தில்கூட நிற்காது. அம்மா பட்டர்வொர்த்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவுகிறார். அரசின் எஸ்.டி.ஆர். உதவித்தொகை வரும் மாதத்தில்தான் வீட்டு வாடகை நேரத்துக்குப் போகும். இதையெல்லாம் யோசித்துத்தான் சொன்னேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அந்த வாரம் என் பொறுப்பில் இருந்த இரவு ஷிப்டில் இரண்டு ஆள் குறைவு. 18 வயது நிறையாதவரை இரவு 8 மணிக்கு மேல் வேலையில் போடக் கூடாது, 1966 ஆம் ஆண்டுச் சட்டம். அவனுக்கு ஜூனில் 18 நிறைந்தது. தேதி எனக்குத் தெரியும். அவன் கேட்டபோது அந்தத் தேதி என் மனதில் இருந்ததா? இருந்தது. எவ்வளவு இருந்தது என்பதைத்தான் என்னால் அளக்க முடியவில்லை.

நானும் பரீட்சை முடிந்து மூன்று மாதத்துக்கு என்று பினாங்கின் தொழிற்பேட்டையான இந்த பாயான் லெப்பாசுக்கு வந்தவன்தான். 19 வருடம் ஆகிவிட்டது. கெட்டுப்போகவில்லை, சுங்கை ஆராவில் வீடு இருக்கிறது. ஆனாலும் என் லைனில் மெஷின் நின்றால் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எஸ்.கே.எம். முடித்த டெக்னீஷியன் வந்துதான் திறப்பார். இதை ஏன் அவனிடம் சொல்லாமல் விட்டேன்?

இன்னொன்றும் உண்டு. எஸ்.எல்.டி.என். என்ற அரசுத் தொழிற்பயிற்சித் திட்டம் 2005 முதல் இருக்கிறது: பயிற்சியின் பெரும்பகுதி வேலையிடத்திலேயே நடக்கும், மீதி வகுப்பில். நம் தொழிற்சாலையிலும் இப்படி எடுக்கலாமா என்று எச்.ஆரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நடந்திருக்காது என்று நினைக்கிறேன். அதற்காகக் கேட்காமல் இருந்தது சரியாகிவிடுமா?

இப்போது அவன் இரவு ஷிப்டில் இருக்கிறான். நல்ல வேலைக்காரன். தீபாவளிக்கு முதல் நாள் ஒரு டப்பா முறுக்கு கொண்டுவந்து, "அம்மா உங்களுக்குக் கொடுக்கச் சொன்னாங்கண்ணே, நீங்க சொன்னதாலதான் வீடு நிக்குதுன்னு" என்றான். வாங்கிக்கொண்டேன். ஜனவரி இன்டேக்குக்கு மனு போட்டாயா என்று கேட்க வாய் வந்தது. அதற்குள் ஷிப்ட் மணி அடித்தது. அவனும் லைனுக்குப் போய்விட்டான்.