ஓரியூர் மண்ணோடு வசாய் கோட்டைக்கு

பிப்ரவரி 4 நெருங்கினால் அத்தைக்கு இருப்புக் கொள்ளாது. 1693-ல் அருளானந்தர் என்ற குரு கிறிஸ்தவ விசுவாசத்துக்காக, வேதசாட்சியாக, ஓரியூரில் தலை கொடுத்த நாள். வாக்கப்பட்டு தாராவிக்கு வந்து முப்பது வருடமாகியும் சுருக்குப்பையில் ஓரியூர்ச் செம்மண் பொட்டலம் இல்லாமல் அவர் வெளியே கிளம்பியதில்லை. இந்த வருடம் முழங்கால் வலி. ராமநாதபுரம் வரை ரயிலில் உட்கார முடியாது. "மறுநாள் வசாய்க்குப் போவோம் அத்தை. அங்கே பிறந்தவரும் ஒரு வேதசாட்சிதான்" என்றேன். "சரி தாயி" என்றார்.

தாதரில் விரார் லோக்கல் ஏறினோம். காலையில் கூட்டமெல்லாம் எதிர்ப்பக்கம் போகும், அதனால் உட்கார இடம் கிடைத்தது. வசாய் ரோட்டில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கோட்டைக்குப் போனோம்.

போர்த்துகீசியர் கட்டிய கோட்டை, 1739-ல் மராத்தியர் கைக்குப் போனது. உள்ளே கோயில்கள் பல இடிந்து கிடக்கின்றன. இயேசு சபைத் துறவிகளின் பழைய கோயில் முகப்பு மட்டும் கம்பீரமாக நிற்கிறது. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். நான் இங்கே பிறந்த கொன்சாலோ கார்சியாவின் கதையைச் சொன்னேன்.

அப்பா போர்த்துகீசியர், அம்மா இந்த ஊர்ப்பக்கத்துப் பெண். இயேசு சபையாரிடம் படித்து, சின்ன வயதிலேயே அவர்களோடு ஜப்பானுக்குப் போய் அந்த மொழியைக் கற்றார். அவர்கள் சபையில் சேர ஆசைப்பட்டார், நடக்கவில்லை. வியாபாரம் செய்தார், நல்ல வருமானம். அதை விட்டுவிட்டு மணிலாவில் பிரான்சிஸ்கன் சபையில் சகோதரராகச் சேர்ந்தார். கடைசிவரை குருப்பட்டம் பெறவில்லை. குருக்கள் ஜப்பான் போனபோது மொழிபெயர்ப்பாளராகக் கூடப் போனார். என் மனசில் நிற்பது இந்த இடம்தான். அடுத்தவர் பிரசங்கத்தை எடுத்துச் சொல்லும் வேலை அவருக்கு. உயிர் கொடுக்க நேர்ந்தபோதோ அது அவருடைய சொந்தச் சாட்சியாகவே இருந்தது.

அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷியின் கட்டளைப்படி 24 பேரைப் பிடித்தார்கள். கியோத்தோவில் இடது காதை அறுத்துத் தெருத்தெருவாகக் காட்டினார்கள். அப்புறம் குளிர்காலத்தில் நாகசாகி வரை ஏறக்குறைய ஒரு மாதப் பயணம். வழியில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்து 26 பேரானார்கள். 1597 பிப்ரவரி 5 அன்று அங்கே ஒரு குன்றில் சிலுவையில் கட்டி ஈட்டியால் குத்தினார்கள். அதில் லூயிஸ் என்ற பையனுக்குப் பன்னிரண்டு வயது. விசுவாசத்தை மறுதலித்தால் விட்டுவிடுகிறோம் என்று கேட்டும் அவன் இணங்கவில்லை.

காதை அறுத்ததைச் சொன்னபோதே அத்தையின் கை இடது காதுக்குப் போனது. பாம்படம் போட்டு வளர்த்த காது. நீண்டு தொங்கும் அந்தத் தசையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே மிச்சக் கதையையும் கேட்டார். பையனைப் பற்றிச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டார்.

1862-ல் அந்த 26 பேருக்கும் புனிதர் பட்டம் கிடைத்தது என்று முடித்தேன். அத்தை பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகை செம்மண்ணை எடுத்து அந்தச் சுவரோரம் தூவினார். கருங்கல் ஓரத்தில் அது மஞ்சாடி நிறத்தில் கிடந்தது. "அவுகளுக்கும் இவுகளுக்கும் ஒருநாள்தானே இடைவெளி" என்றார்.

திரும்பும் வண்டியில் ஜெபமாலையை எடுத்தவர், பாலம் தாண்டியதும் என் முழங்கையைத் தொட்டார்.

"அந்தப் புள்ளை பேரு என்ன சொன்ன தாயி?"

"லூயிஸ், அத்தை."

போரிவலி வரும்வரை அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபமாலையின் ஒவ்வொரு பத்து மணி முடிவிலும் அந்தப் பெயர் கேட்டது.