எந்த அறிகுறியை எப்போது மருத்துவரிடம் சொல்வது?

மருத்துவர்கள் சுருக்கமாக சிஎல்எல் என்று சொல்லும் நாள்பட்ட லிம்போசைட் இரத்தப் புற்றுநோய் எனக்கு இருப்பது, சர்க்கரைக்காகச் செய்துகொண்ட இரத்தப் பரிசோதனையின்போது தெரியவந்தது. இதுவரை சிகிச்சை தொடங்கவில்லை. அறிகுறிகள் இல்லாத தொடக்க நிலையில் மருந்து கொடுப்பதால் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துக் காத்திருப்பதே இந்நோய்க்கு உலகெங்கும் உள்ள நடைமுறை. அந்தக் காத்திருப்பில் நோயாளிக்கும் ஒரு பொறுப்பு உண்டு. இரண்டு பரிசோதனைகளுக்கு இடையே உடலில் தோன்றும் மாற்றங்களில் எதை அன்றே சொல்ல வேண்டும், எதை அடுத்த முறை சொன்னால் போதும் என்று பிரித்தறிய வேண்டும். இதை அறிகுறி வந்தபின் யோசிக்கத் தொடங்கினால் பயமும் தயக்கமும் மாறி மாறி இழுக்கும். ஆகவே நன்றாக இருக்கும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் காய்ச்சல். எங்கள் உடலில் லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளை அணுக்கள் எண்ணிக்கையில் மிகுந்திருந்தாலும் அவை கிருமியை எதிர்க்கும் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. எதிர்ப்புப் புரதங்களும் பலருக்குக் குறைந்திருக்கும். மற்றவர்களுக்கு மூன்று நாளில் தணியும் சளி எங்களுக்கு நிமோனியாவாக மாறலாம். வெப்பமானி 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் அன்றே, இரவாக இருந்தாலும், தகவல் சொல்ல வேண்டும் என்று என் மருத்துவர் சொல்லியிருக்கிறார். அளந்து பார்க்காமல் பாராசிட்டமால் போட்டுக்கொண்டால் காய்ச்சல் மறைந்துவிடும், அதற்குக் காரணமான தொற்று உள்ளேயே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் மதுரையில் டெங்குவும் சேர்ந்துகொள்வதால், தெருமுனைக் கிளினிக்கில் ஓர் ஊசி போட்டுக்கொண்டு வந்து படுத்துவிடும் வழக்கத்தை எங்களைப் போன்றவர்கள் விட்டுவிட வேண்டும். டெங்குவில் தட்டணுக்கள் குறையும்; சிஎல்எல் முற்றும்போதும் அவை குறையும். இரண்டில் எது என்று தெரிய நம் பழைய பரிசோதனைத் தாளை வைத்திருக்கும் மருத்துவர் வேண்டும்.

அடுத்தது அக்கி. இந்நோய் உள்ளவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். முதுகிலோ விலாவிலோ ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலும் குத்தலும் தொடங்கி, ஓரிரு நாளில் கொப்புளங்கள் பட்டையாக எழும். நம் பக்கத்தில் அக்கி என்றதும் குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியால் எழுதிக்கொள்வார்கள். என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் எழுதினார்கள். அந்த நம்பிக்கையை நான் பழிக்கவில்லை. ஆனால் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் எழுந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும். திருமங்கலத்துக்கோ உசிலம்பட்டிக்கோ அப்பால் உள்ள ஒரு கிராமத்தில், வெள்ளிக்கிழமை எழுதிக்கொண்டு திங்கள்கிழமை பார்க்கலாம் என்று இருந்துவிட்டால் அந்த நேரம் கடந்துவிடும். கண்ணுக்கு அருகே வந்தால் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது.

மெதுவாக வருபவற்றில்தான் குழப்பம் அதிகம். இரவில் வியர்ப்பது நோய் முற்றுவதன் அடையாளங்களில் ஒன்று என்று படித்துவிட்டு, அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரை மாதத்தில் மின்விசிறியும் நின்றுபோன இரவில் பயப்படாமல் இருக்க முடியுமா? வீட்டில் எல்லோருக்கும் வியர்க்கிறதா, எனக்கு மட்டும் உடுத்திய துணியும் விரிப்பும் மாற்றும் அளவுக்கு நனைகிறதா என்று பார்க்கிறேன். மார்கழியிலும் அப்படி நனைந்தால் அதற்கு வெயில் காரணமாக இருக்க முடியாது. தொற்று எதுவுமின்றி ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் வியர்வையும், முயற்சி செய்யாமலே ஆறு மாதத்தில் எடை பத்தில் ஒரு பங்கு குறைவதும் சிகிச்சை தொடங்குவதைப் பற்றி யோசிக்க வைக்கும் அளவுகோல்களில் அடங்கும். அறுபது கிலோ உள்ளவருக்கு ஆறு கிலோ குறைவு என்பது இதன் கணக்கு. எடை அந்த அளவுக்கு இறங்கும் வரை வாய்மூடி இருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. மாதப் பிறப்பன்று காலையில் எடை பார்த்து நாட்குறிப்பில் எழுதினால், இறங்கத் தொடங்கும்போதே சொல்லலாம். புரட்டாசி விரதத்தையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் அந்த மாதத்து எடை நம்மை ஏமாற்றிவிடும்.

கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருப்பது இந்நோயில் இயல்பு. தினமும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு நாளும் பெரிதாகிவிட்டதுபோலத் தோன்றும் என்பதால், நான் மாதம் ஒருமுறை மட்டும் பார்க்கிறேன். கட்டி எவ்வளவு பெரியது என்பதைவிட எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதே முக்கியம். மற்றவை அப்படியே இருக்க, ஒன்று மட்டும் சில வாரங்களில் விறுவிறுவென்று பெருத்தால் காத்திருக்கக் கூடாது. சிலருக்கு இந்நோய் வீரியம் மிக்க நிணநீர்ப் புற்றாக உருமாறுவதுண்டு. 1928இல் அதை விவரித்த மாரிஸ் ரிக்டரின் பெயரால் ரிக்டர் மாற்றம் என்கிறார்கள்.

கண் மஞ்சளாவதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் அதைக் கண்டதும் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். சிஎல்எல் உள்ளவருக்கு, உடலே தன் சிவப்பணுக்களை அழித்துக்கொள்வதாலும் மஞ்சள் வரலாம். அதோடு மூச்சு வாங்கினால், படி ஏறும்போது திடீரென்று தளர்ந்தால், அது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. பல் ஈறில் இரத்தம் கசிவதும் காலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றுவதும் இதே வரிசையில் சேரும்.

தொலைபேசியில் சொல்லும்போது முதல் வாக்கியத்திலேயே நோயின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். “டாக்டர், எனக்கு சிஎல்எல் இருக்கிறது, நேற்று மாலையிலிருந்து 101 டிகிரி காய்ச்சல்” என்றால், எதிர்முனையில் இருப்பவர் பயிற்சி மருத்துவராக இருந்தாலும் நிலைமை விளங்கிவிடும். இராமநாதபுரத்திலிருந்தும் தேனியிலிருந்தும் ஒரு நாள் கூலியை இழந்து பெரியாஸ்பத்திரிக்கு வருபவர்களுக்கு, புறப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய இப்படி ஓர் அழைப்பு உதவும். எந்த எண்ணை அழைக்க வேண்டும், தங்கள் ஊருக்கு அருகில் இரத்த அணுக்களை எங்கே எண்ணிப் பார்க்கலாம் என்பதை அவர்கள் முதல் வருகையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். என் வீட்டில் காய்ச்சலைப் பொறுத்தவரை முடிவெடுக்கும் உரிமையை மருமகளுக்குக் கொடுத்திருக்கிறேன். “காலையில் பார்ப்போம்” என்று நான் சொன்னாலும் அவள் கேட்கக் கூடாது என்பது எங்களுக்குள் உள்ள ஏற்பாடு.