தோள் மேல இருந்த கை

மார்ச் 3
குடும்ப போட்டோவ அனுப்பி ஓவியமா வரையக் கேட்டவங்களுக்கு இன்னைக்கும் நான் பதில் சொல்லலை.

மார்ச் 4
போட்டோவ பெருசாக்கிப் பாத்தேன். ஒன்பது பேர். ஃபிளாஷ் நேரா மூஞ்சில அடிச்சிருக்கு, நிழலே இல்ல, மூக்கு எங்க ஏறுது கன்னம் எங்க இறங்குதுன்னே தெரியல. இதுல இறந்துபோன பெரியவரையும் சேக்கணுமாம். அவரோட தனி போட்டோல வெளிச்சம் ஜன்னல்லேருந்து ஒரு பக்கமா விழுது. சரி, எல்லாரையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டு வர்றது கஷ்டம்தான், ஆனா அது வேலை, செஞ்சுடலாம். வலது ஓரத்துல நிக்கிற அந்தப் பொண்ணுதான் பிரச்சனை. "அவங்க இப்ப எங்க குடும்பத்துல இல்ல, எடுத்துடுங்க"ன்னாங்க. அவங்க கை முன்னாடி நிக்கிற பையன் தோள் மேல இருக்கு.

மார்ச் 5
டைட்டானியம் ஒயிட் பெயின்ட் ட்யூப அடியிலேருந்து மடிச்சு மடிச்சு எடுத்துட்டிருக்கேன். என்னோட படம் பாதில நிக்குது.

மார்ச் 6
வாடகை கேட்டு மறுபடி மெசேஜ்.

மார்ச் 8
அக்கா போன்ல ரொம்ப நேரம் பேசினா. இந்த ஆர்டர வாங்கிக்கோடா, மைக்கேலாஞ்சலோவே வாடிகன்ல சிஸ்டைன் சேப்பல் கூரைய இஷ்டமில்லாமத்தான ஒத்துக்கிட்டாரு, நான் சிற்பி ஓவியன் இல்லன்னு சொல்லிக்கிட்டே 1508லேருந்து 1512 வரைக்கும் வரைஞ்சு முடிச்சாரேன்னா. உண்மைதான். ஆனா அவருக்குப் பிடிக்காதது வேலை. இருக்கற ஆள இல்லாம ஆக்கச் சொன்னாங்களா? ராத்திரி பூரா ஓவியர் ரோத்கோ ஞாபகமாவே இருந்துச்சு. 1958ல நியூயார்க்ல ஒரு பெரிய ரெஸ்டாரண்ட்டுக்கு வரைய ஒத்துக்கிட்டு, நிறைய வரைஞ்சும் முடிச்சு, அங்க போய் சாப்பிட்டுப் பாத்துட்டு, என் படம் இங்க தொங்கக்கூடாதுன்னு பணத்தத் திருப்பிக் குடுத்துட்டாரு. அந்தத் தைரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா அப்பவே அவருக்குப் பேர் இருந்துச்சு, வேற வாங்குறவங்க இருந்தாங்க. எனக்கு இது ஒண்ணுதான் வந்திருக்கு.

பையன் தோள்ல அந்த இடத்துல என்ன வரையறது? சட்டை மடிப்பா?

மார்ச் 9
பிரான்வெல் பிரான்டி 1834 வாக்குல எழுத்தாளர்களான தன் மூணு அக்கா தங்கச்சிகளையும் வரைஞ்சப்போ நடுவுல தன்னையும் வரைஞ்சு, அப்புறம் அழிச்சுட்டு அது மேல ஒரு தூண வரைஞ்சுட்டாரு. எண்ணெய் வண்ணம் வயசாக ஆக கண்ணாடி மாதிரி ஆகும், அடியில இருக்கறது மேல தெரிய ஆரம்பிக்கும். இப்ப லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரில அந்தப் படத்துல தூணுக்குள்ளேருந்து அவர் உருவம் மங்கலாத் தெரியுது. ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்க்வெஸ் வரைஞ்ச நாலாம் ஃபிலிப் ராஜாவோட குதிரைக்கும், மாத்தறதுக்கு முன்னாடி வரைஞ்ச பழைய காலு தெரியும்.

மார்ச் 10
அப்போ அந்தப் பொண்ண முதல்ல முழுசா வரைஞ்சுட்டு அது மேல சுவர வரைஞ்சுட்டா? காலைல பூரா இதே நெனப்பு, சந்தோஷமாக்கூட இருந்துச்சு. சாயங்காலம் கசந்துடுச்சு. டைட்டானியம் ஒயிட் நல்லா மறைக்கிற வெள்ளை, தடிமனா அடிச்சா எப்பவும் வெளிய வராமலே போகலாம். அப்படியே வந்தாலும் நூறு வருஷம் கழிச்சு யாருக்கு? பணத்தையும் வாங்கிக்கிட்டு, என் மனசு ஆறணும்னு அடியில ஒளிச்சு வைக்கிறது அவங்களுக்கும் நியாயமில்ல, அந்தப் பொண்ணுக்கும் ஒண்ணும் செய்யாது.

மார்ச் 11
கைய மட்டும் கரில வரைஞ்சு பாத்தேன். கட்டை விரல் பையன் கழுத்துப் பக்கம் லேசா அழுத்திருக்கு. போட்டோவுல உயிரோட இருக்கறது அது ஒண்ணுதான்.

மார்ச் 13
போன் பண்ணாங்க. சைஸ், ஃப்ரேம், எப்ப முடியும்னு மட்டும் பேச்சு. பையன் இப்ப யார்கூட இருக்கான்னு கேட்டுட்டேன். "எங்ககூடத்தான், ஏன்?"

அவங்க ஹால்ல மாட்டப்போற படம் இது. அவன் தினமும் அதத் தாண்டித்தான் போகணும், வரணும். தன் தோள் மேல ஒண்ணுமே இல்லாததப் பாத்துக்கிட்டே வளரணும். அத வரைஞ்சவன் நானா இருக்க மாட்டேன்.

மார்ச் 14
அனுப்பிட்டேன். இந்த போட்டோவ வச்சு வரைய முடியாது, பெரியவரத் தனியா வரைஞ்சு தர்றேன், ஜன்னல் வெளிச்சத்துல அவர் முகம் அவ்வளவு நல்லா இருக்கு, அதுக்கான பணம் மட்டும் போதும்னு. பையன நேர்ல உக்கார வச்சு வரையவும் ஆசைன்னு எழுதிட்டு அத மட்டும் எடுத்துட்டேன்.

மார்ச் 15
படிச்சுட்டாங்க. பதில் இல்ல.

மார்ச் 16
வீட்டுக்காரர்கிட்ட மாசக் கடைசி வரைக்கும் டைம் கேட்டிருக்கேன், யோசிச்சு சொல்றேன்னாரு.