சரக்கு டிரெய்லரில் ஒரு படுக்கையறை: ஐந்து மாத வேலைக் குறிப்பு

மூடிய சரக்கு டிரெய்லர் ஒன்றை இரண்டு பேர் தங்கிப் பயணம் செய்யத்தக்க கேம்பராக மாற்றும் வேலையை ஐந்து மாதங்களுக்கு முன் தொடங்கினேன். 12 அடி நீளம், 6 அடி அகலம், உள்ளே 6 அடி 3 அங்குல உயரம், ஒற்றை அச்சு, வெளியே அலுமினியத் தகடு, அதைத் தாங்கும் இரும்புக் குழாய்ச் சட்டங்கள், பக்கச் சுவர்களில் மெல்லிய பிளைவுட். வாங்கியபோது இருந்தவை இவ்வளவுதான். வரைபடம் போடுவதற்கு முன்பே, தரையில் ஒரு மெத்தையை மட்டும் போட்டு அதற்குள் ஓர் இரவு படுத்துப் பார்த்துவிடுவது என்று இருவரும் முடிவு செய்தோம். பின்னால் நான் எடுத்த நல்ல முடிவுகளில் பாதிக்கும் மேல் அந்த ஓர் இரவில் கற்றதிலிருந்து வந்தவை.

வெளியே குளிர் 7 டிகிரியாக இருந்த அந்த இரவில், விடிவதற்குச் சற்று முன் நெற்றியில் விழுந்த நீர்த்துளிதான் என்னை எழுப்பியது. மழை பெய்யவில்லை. கூரைத் தகட்டின் உட்புறம் முழுவதும் வியர்த்திருந்தது. இரும்புச் சட்டங்கள் ஓடும் இடங்களில் துளிகள் வரிசையாகக் கோத்துத் தொங்கின. மெத்தையின் அடிப்பக்கம் தொட்டால் சில்லென்று ஈரமாக இருந்தது. சரக்கு மூச்சு விடாது என்பதால், அதை ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட பெட்டியில் மூச்சுக்கு எந்த ஏற்பாடும் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

அன்று காலையே உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். உறங்கும் ஒருவருடைய மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீராவி வெளியேறுகிறது. இரண்டு பேர், எட்டு மணி நேரம் என்றால் 640 கிராம். டிரெய்லரின் உள்கொள்ளளவு 450 கன அடி, அதாவது சுமார் 12.7 கன மீட்டர். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி 17 கிராமுக்குச் சற்று மேல். ஆகவே பெட்டி முழுவதிலும் உள்ள காற்று, இனி ஒரு துளியும் தாங்காது என்ற நிலையை எட்டினாலும் 220 கிராமைத்தான் வைத்திருக்க முடியும். குளிர்ந்த காற்றுக்கு அந்தக் கொள்ளளவும் இல்லை. மீதமுள்ள நீர் எங்கே போகும்? தகட்டுக்கும் மெத்தைக்கும்தான். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு அலமாரி, விளக்கு, திரைச்சீலை பற்றிய எண்ணங்களை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, காற்று உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி, குளிர்ந்த பரப்புகளை மூடும் வழி ஆகிய மூன்றை மட்டுமே முதல் இரண்டு மாதங்களுக்கு வேலையாக எடுத்துக்கொண்டேன்.

காற்று வெளியேற, கூரையின் பின்பகுதியில் 14 அங்குலச் சதுரத் திறப்பு வெட்டி மின்விசிறி பொருத்தினேன். கேம்பர்களின் கூரை விசிறிகளுக்கு இதுவே வழக்கமான அளவு; என் டிரெய்லரின் கூரைச் சட்டங்கள் 16 அங்குல இடைவெளியில் இருந்ததால் எந்தச் சட்டத்தையும் அறுக்காமல் இரண்டுக்கும் நடுவே திறப்பு அமைந்தது. நல்ல கூரையில் முதல் ஓட்டையைப் போடுவதற்குக் கை கூசியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெட்டுவதில் சிரமம் இல்லை. நீர் புகாமல் அடைப்பதில்தான் பொறுமை வேண்டும். விசிறிச் சட்டத்தின் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப்பை (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) இடைவெளியின்றி ஒட்டி, திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கி, ஓரங்களில் பிதுங்கி வந்த டேப்பை வழித்தெடுத்த பின், திருகாணித் தலைகள் எல்லாம் மறையும்படி, கூரைகளுக்கென்றே கிடைக்கும் தானே பரவிச் சமமாகும் பசையை ஊற்றினேன். சிலிக்கானைத் தொடவில்லை. அது ஒருமுறை பூசப்பட்ட பரப்பில் பிறகு வேறு எந்தப் பசையும் சரியாகப் பிடிப்பதில்லை. பல ஆண்டுகள் அதிர்ந்து ஓடப்போகும் ஒரு கூரையை மறுபடியும் அடைக்க வேண்டிய நாள் வந்தே தீரும்.

விசிறி மட்டும் போதாது. மூடிய பெட்டியிலிருந்து காற்றை இழுத்தால், உள்ளே வர வழியில்லாத இடத்தில் விசிறி வெறுமனே சுழலும். ஆகவே முன்புறம், படுக்கையின் தலைமாட்டுக்குக் கீழே, மூடித் திறக்கக்கூடிய இரண்டு சிறிய காற்றுத் துளைகளை வலையுடன் வைத்தேன். காற்று தலைமாட்டில் நுழைந்து, படுக்கையைக் கடந்து, பின்புறக் கூரை வழியாக வெளியேறுகிறது. விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் இரவு முழுவதும் ஓடவிட்டால் எடுக்கும் மின்சாரம் 0.3 ஆம்பியர் மட்டுமே.

வெப்பக்காப்புக்கு எதைப் போடுவது என்பதில் நீண்ட நாள் தடுமாறினேன். கண்ணாடிக் கம்பளி ஈரத்தை வாங்கிக்கொள்ளும். சாலை அதிர்வில் சரிந்து கீழே அடைந்துவிடும். பளபளக்கும் குமிழ்த்தாளைத் தகட்டோடு ஒட்டி வைப்பதால் பெரிய பயன் இல்லை. அதன் எதிரொளிப்புக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். கடைசியில், நீரை அநேகமாக உறிஞ்சாத எக்ஸ்.பி.எஸ். (பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்) நுரைப்பலகையைத் தேர்ந்தெடுத்தேன். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறத்தாழ ஆர்-5 என்ற அளவுக்கு வெப்பத்தைத் தடுக்கும் பொருள் அது (ஆர் எண் கூடக்கூடத் தடுப்பும் கூடும்). கத்தியால் கீறி ஒடித்தாலே நேராக உடையும்.

சுவரிலிருந்த பிளைவுட்டைக் கழற்றி, சட்டங்களுக்கு இடையே ஓர் அங்குலப் பலகைகளை வெட்டிப் பொருத்தி, ஓரங்களைக் குறைவாக உப்பும் நுரையால் அடைத்தேன். அதிகமாக உப்பும் நுரையை இங்கே பயன்படுத்தினால் வெளித்தகடு புடைத்துவிடும். அத்தோடு விட்டிருந்தால் வேலையில் பாதி வீணாகியிருக்கும். ஏனென்றால் இரும்பு, இந்த நுரையைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துகிறது. சட்டங்களை மூடாமல் விட்டால், முதல் இரவில் துளிகள் கோத்திருந்த அதே கோடுகளில் பிளைவுட்டுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் நீர் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே சட்டங்களுக்கும் மேலே அரை அங்குலப் பலகையை ஒரே பரப்பாக விரித்து, இணைப்புகளை எல்லாம் அலுமினிய டேப்பால் ஒட்டி, அதன் மேல் 5 மில்லிமீட்டர் பிளைவுட்டை நீளத் திருகாணிகளால் பிணைத்தேன். இதனால் அகலத்தில் ஓர் அங்குலத்துக்கும் மேல் இழந்தோம். அந்த இழப்புக்கு நான் ஒருபோதும் வருந்தவில்லை. தரையிலும் ஓர் அங்குல நுரைப்பலகையும் அதன் மேல் 9 மில்லிமீட்டர் பிளைவுட்டும் வந்தன. ஆள் நடக்கும் எடையை அந்தப் பலகை அமுங்காமல் தாங்குகிறது.

ஜன்னல்கள் இரண்டு. கேம்பர் ஜன்னல்களின் உள்வளையம் குறிப்பிட்ட சுவர்த் தடிமனுக்கென்றே செய்யப்படுவதால், சுவரின் இறுதித் தடிமன் தெரிந்த பிறகே அவற்றை வாங்கினேன். இங்கே ஒரு தவறு செய்தேன். ஜன்னலுக்காக இரும்புச் சட்டம் ஒன்றை அறுத்தபோது பறந்த இரும்புத்தூளைத் துடைக்காமல் இரண்டு நாட்கள் விட்டுவிட்டேன். இரவுப் பனியில் நனைந்து, வெள்ளைத் தகடு முழுவதும் செம்புள்ளிகளாகத் துரு படிந்தது. தேய்த்து எடுக்க ஒரு முழு நாள் ஆனது. இரும்பை அறுத்த அன்றே, அந்தப் பக்கத்தை முழுவதும் கழுவிவிட வேண்டும்.

கதவைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். இதைக் கவனிக்காமல் தூங்கியிருந்தோமே என்று நினைத்தால் இப்போதும் எனக்கு நடுக்கம் வருகிறது. சரக்கு டிரெய்லரின் பக்கக் கதவில் வெளியே ஒரு நீளக் கம்பித் தாழ் இருக்கும். உள்ளே ஆள் இருப்பார் என்ற எண்ணமே இல்லாமல் செய்யப்பட்ட தாழ் அது. யாரேனும் அறியாமல் வெளியே தாழிட்டால் உள்ளிருப்பவர் திறக்க வழியே கிடையாது. முதல் இரவில் நாங்கள் அப்படித்தான் படுத்திருந்தோம். அந்தக் கம்பித் தாழை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, உள்ளிருந்தும் திறக்கும் பூட்டைப் பொருத்தினேன். படுக்கையின் ஓரத்திலுள்ள ஜன்னலும் ஓர் ஆள் வெளியேறும் அளவுக்குத் திறக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது. இப்படி ஒரு வேலையில் இறங்குபவர்கள், வேறு எதைச் செய்வதற்கு முன்பும், உள்ளே ஓர் இரவு படுப்பதற்கு முன்பும், இதைச் செய்துவிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

படுக்கையைக் குறுக்கே போடத்தான் முதலில் ஆசைப்பட்டேன். உள் அகலம் 6 அடிக்கும் குறைவாகச் சுருங்கிவிட்ட பின் அதில் கால் நீட்ட முடியாது என்பதால் நீளவாக்கில் அமைத்தேன். பிளைவுட் பலகைக்குப் பதிலாக, இரண்டு அங்குல இடைவெளி விட்டு மரப் பட்டிகளை அடித்து அதன் மேல் மெத்தை. அடியில் காற்று ஓடாவிட்டால் உடலின் ஈரம் மெத்தையின் அடியில் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும்.

மின்சாரத்துக்கு 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றும், கூரையில் 200 வாட் சோலார் பேனலும் இருக்கின்றன. குளிர்சாதனப் பெட்டி ஒரு நாளைக்கு 35 ஆம்பியர்-மணி எடுக்கிறது. விசிறி, விளக்குகள், கைபேசிகள் எல்லாம் சேர்த்தால் 48. வெயில் இல்லாமல் இரண்டு நாட்கள் தாங்கும். இந்த வகை பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது என்பதால், வெளிப்பெட்டியில் வைக்காமல் படுக்கைக்கு அடியில் வைத்தேன். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே முதன்மை ஃபியூஸ். சமையலை உள்ளே செய்வதில்லை. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. நான் இரண்டு மாதம் போராடி வெளியேற்றிய ஈரத்தை அடுப்பு ஒரே வேளையில் திருப்பிக் கொண்டுவந்துவிடும். அடுப்பு, பின்கதவுக்கு வெளியே மடித்து விரியும் பலகையில் இருக்கிறது. சிலிண்டர் வெளியே முன்கொக்கியின் மேல் இருந்தாலும், புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும் என்பதால் அதைக் கண்டறியும் கருவியைத் தரையோரத்திலும், கார்பன் மோனாக்சைடு கருவியைப் படுக்கையின் மூச்சு மட்டத்திலும் பொருத்தினேன்.

நான்காவது மாதத்தில் முதன்முறையாக எல்லாச் சாமான்களையும் ஏற்றி எடைமேடைக்குக் கொண்டு போனேன். மொத்தம் 1,030 கிலோ. அனுமதிக்கப்பட்ட 1,360 கிலோவுக்குள் இருந்தது. மகிழ்ச்சியோடு வீடு திரும்பும்போது, வேகம் சற்றுக் கூடியதும் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கியது. பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானே குறையும்வரை காத்திருந்தேன். ஆட்டம் அடங்கியது, என் நெஞ்சு அடங்க வெகுநேரம் ஆனது.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான். அளந்து பார்க்காதது என் பிழை. இழுவைக் கொக்கியின் மேல் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அழுத்த வேண்டும். வீட்டிலுள்ள எடை பார்க்கும் கருவியைக் கொண்டே அதை அளக்கலாம். கனமான பலகை ஒன்றின் ஒரு முனையைக் குழாய்த் துண்டின் மேலும் மறுமுனையை எடைக்கருவியின் மேலும் மட்டமாக வைத்து, குழாயிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கொக்கியை இறக்கினால், பலகையின் சொந்த எடையைக் கழித்து வரும் எண்ணின் மூன்று மடங்கே கொக்கியின் எடை. எனக்குக் காட்டியது 24. அதாவது 72 கிலோ, வெறும் 7 சதவீதம். 75 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைப் பின்சுவரோடு ஒட்டி வைத்ததுதான் வினை. படுக்கைச் சட்டத்தின் ஒரு பகுதியைப் பிரித்து, தொட்டியை அச்சுக்குச் சற்று முன்னால் கொண்டுவந்தேன். கருவிப்பெட்டியையும் முன்னால் நகர்த்தினேன். இப்போது 123 கிலோ, 12 சதவீதம். அச்சுக்கு அருகிலேயே தொட்டி இருப்பதால், தண்ணீர் முழுவதும் தீர்ந்தாலும் கொக்கியில் 11 கிலோதான் குறைகிறது. அதே சாலையில், அதே வேகத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். டிரெய்லர் பின்னால் வருவதே தெரியவில்லை.

வார்னிஷ், திரைச்சீலை, அலமாரிக் கதவுகள் ஆகியவை இரண்டு வார வேலை. அவற்றில் சொல்வதற்கு அதிகம் இல்லை. அலமாரிக் கதவுகளுக்குக் காந்தப் பிடிப்பு போதாது, அழுத்தித் திறக்கும் தாழ்ப்பாளே வேண்டும் என்பதை முதல் வளைவிலேயே தட்டுகள் சொல்லிவிட்டன.

சென்ற வாரம் மறுபடியும் இருவரும் உள்ளே படுத்தோம். வெளியே 6 டிகிரி, முதல் இரவைவிட ஒரு டிகிரி குறைவு. விசிறி மெல்லிய வேகத்தில், தலைமாட்டுத் துளைகள் பாதி திறந்த நிலையில். விடியற்காலையில் ஹீட்டர் எதுவும் இல்லாமலே உள்ளே 11 டிகிரி இருந்தது. ஈரப்பதமானி 70 சதவீதம் காட்டியது. கூரையைக் கையால் தடவிப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. மெத்தையைத் தூக்கி அடியில் தடவினேன், அதுவும் உலர்ந்திருந்தது. ஜன்னல்களின் அலுமினியச் சட்டத்திலும் பக்கக் கதவின் இரும்பு நிலையிலும் மட்டும் மெல்லிய துளிகள் நின்றன. ஜன்னலைத் துணியால் துடைத்தாலே போதும். கதவு நிலையை மூட, கால் அங்குல நுரைப்பட்டியை அளவெடுத்து வெட்டி வைத்திருக்கிறேன்; பசை காய இரண்டு வறண்ட நாட்கள் தேவை, அதற்காகக் காத்திருக்கிறேன்.