பிரென்ட்ஃபோர்டில் ஆளில்லாமல் வாசித்த பியானோ

கியூ பிரிட்ஜ் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் இடத்துக்கு 18 பவுண்டு வாங்கிய டாக்சி ஓட்டுநர் மீதான எரிச்சல் இன்னும் தீரவில்லை. ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது என்ற உறுதியோடுதான் லண்டனுக்கு வந்தேன். முதல் நாளே பெருக்கிப் பார்த்துவிட்டேன். லண்டனின் பிரென்ட்ஃபோர்டில், தானாக வாசிக்கும் இசைக்கருவிகளுக்கென்று இருக்கும் மியூசிக்கல் மியூசியத்துக்கு நடந்தே செல்லுங்கள். வாரத்தில் சில நாள்கள்தான் திறந்திருக்கும் என்பதால் விசாரித்துவிட்டுச் செல்லுங்கள்.

பிராங்க் ஹாலண்ட் 1963-இல் ஒரு பழைய தேவாலயத்தில் தொடங்கிய இந்தத் தொகுப்பில், கருவிகளைக் காட்டுவதோடு நிற்காமல் இயக்கியும் காட்டுகிறார்கள். காலால் மிதித்து இயக்கும் தானியங்கிப் பியானோவான பியானோலாவின் மிதிகட்டைகளை வழிகாட்டி மிதித்ததும் துருத்தி காற்றை உறிஞ்ச, துளையிட்ட தாள் சுருள் நகர்ந்து, துளை வந்த இடத்தில் காற்று புகுந்து அந்தந்த ஸ்வரத்துக்குரிய சுத்தியலை இயக்கியது. ஏற்ற இறக்கமெல்லாம் மிதிப்பவரின் காலில்தான் இருந்தது.

அடுத்த பியானோவுக்கு அந்தக் காலும் தேவைப்படவில்லை. இருக்கை காலியாக இருக்க, கட்டைகள் தாமாகவே அமுங்கி எழுந்தன, எனக்கு மெய்சிலிர்த்தது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்து வெல்ட்டே நிறுவனம் 1904-இல் கொண்டுவந்த இம்முறையில், கலைஞர் எங்கே மெல்லத் தொட்டார், எங்கே ஓங்கி அடித்தார் என்பதும் சுருளில் பதிவாகிவிடும். 1905-இல் லைப்சிக்கில் ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலர் இதற்காக நான்கு சுருள்களுக்கு வாசித்தார். அவருடைய வாசிப்புக்கு வேறு பதிவே கிடையாது.

வீடுதோறும் புகுந்த வானொலியும், 1925-இல் வந்த மின்முறை ஒலிப்பதிவால் தெளிவடைந்த இசைத்தட்டும் இந்தப் பியானோக்களின் சந்தையைக் குலைத்தன. 1929-இன் பொருளாதார வீழ்ச்சி மிச்சத்தையும் முடித்தது.

இன்று பழைய சுருள்கள் நொறுங்குவதால் அவற்றை ஸ்கேன் செய்து கணினியில் சேமிக்கிறார்கள். நல்ல வேலைதான், ஆனால் அது பாதி வேலை என்பேன். சுருளில் இருப்பது ஒலியன்று, பியானோவுக்கான கட்டளை. சுருளின் வேகமோ காற்றழுத்தமோ சற்றுப் பிசகினாலும் நாம் கேட்பது மாலரின் வாசிப்பாக இராது. தேய்ந்த தோலையும் இறுகிய ரப்பர் குழாய்களையும் மாற்றி, பியானோவைப் பழைய அளவுக்குச் சரிசெய்யத் தெரிந்த கைகள் இல்லாவிட்டால், எத்தனை கோப்புகள் சேர்த்தும் பயனில்லை.

வெளியேறும்போது நன்கொடைப் பெட்டியில் 5 பவுண்டு போட்டேன். அன்றிரவு ரொட்டியும் வாழைப்பழமும்தான்.