பறித்த பிறகு பழுக்காத பழம்

நான் ஒஸ்லோவுக்கு வந்தது 2011 ஏப்ரலில். அடுத்த மாதமே மே 17 வந்தது. 1814இல் நோர்வேயின் அரசியலமைப்பு ஏற்கப்பட்ட நாள். தெருவெல்லாம் கொடி, பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம், வீட்டுக்கு வீடு ஸ்ட்ரோபெரி அடுக்கிய கிரீம் கேக். நாங்களும் அப்படியொன்று செய்யவேண்டும் என்று ஆசைப்பட்டு நாலு நாளுக்கு முன்பே மூன்று பெட்டி ஸ்ட்ரோபெரி வாங்கி வந்தேன்.

பழங்களின் காம்படி வெள்ளையாக இருந்தது. அது எனக்குக் குறையாகப் படவில்லை. ஊரில் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை முற்றின காயாகப் பிடுங்கி வைக்கோலுக்குள் மூடிவைத்தால் நாலாம் நாள் வீடே மணக்கும். அந்தப் பழக்கத்தில் இதையும் கழுவி, பேப்பரில் சுற்றி, குசினி மூலையில் வைத்துவிட்டேன். 17ஆம் திகதி காலையில் பிரித்தபோது பஞ்சு ஒட்டினதுபோல் சாம்பல் நிறப் பூஞ்சணம். தப்பியவற்றைக் கடித்துப் பார்த்தால் பச்சைத்தண்ணிச் சுவை. இவர் அப்போது துப்புரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எத்தனை மணித்தியால உழைப்பு அது என்று எண்ணி எண்ணி அழுதேன்.

மேல்மாடியில் இருந்த வயதான அம்மா கேக் துண்டோடு வந்தவர், குப்பைப் பையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “இது பறித்த பிறகு பழுக்காது, பிள்ளை. செடியில் இருந்தபோது எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான்.” வாழை, மா, பப்பாசி எல்லாம் பறித்த பிறகும் பழுக்கும், ஸ்ட்ரோபெரி அந்தச் சாதி இல்லை. வைத்திருந்தால் நிறம் கொஞ்சம் கூடலாம், இனிப்புக் கூடாது. மே மாதத்தில் கடைக்கு வருபவை பெரும்பாலும் பெல்ஜியம், நெதர்லாந்துப் பழங்கள், ஜூன் கடைசிவரை பொறு என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பொறுத்தேன். ஜூலையில் ட்ராம்மனுக்குப் பக்கத்திலுள்ள லீயருக்குப் போனோம். அங்கே நாமே பறிக்கலாம். இங்கு இந்தப் பழத்தை ‘யூர்பார்’ என்பார்கள், மண்பழம் என்று பொருள். குனிந்து இலையை விலக்கினால்தான் அந்தப் பெயர் விளங்குகிறது. மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது பழம், உள்ளேயும் சிவப்பு, வெயிலில் சூடேறி. ‘கொரோனா’ என்ற இனம் (நோய்க்கு எத்தனையோ வருடம் முந்திய பெயர்) வாயில் வைத்தாலே கரையும். அவ்வளவு மென்மை என்பதால் அதை அன்றே சாப்பிட்டுவிடவேண்டும். கடைக்கு வரும் கெட்டியான இனங்களில் இந்த ருசி இல்லை என்பது என் தீர்ப்பு.

இப்போது கடையில் பெட்டியை எடுத்தால் முதலில் திருப்பி அடியைத்தான் பார்ப்பேன். மேலே அழகான பழங்களாகவே இருக்கும். நசிந்தவை அடியில் கிடக்கும். சாறு கசிந்த ஈரம் தெரிந்தால் வைத்துவிடுவேன். காம்புவரை சிவந்திருக்கவேண்டும், பச்சை இதழ் வாடாமல் இருக்கவேண்டும். பருமனை நான் பார்ப்பதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தட்டையான பாத்திரத்தில் குசினிக் கடதாசி விரித்து, பழங்களை ஒற்றை அடுக்காகப் பரப்பி, இறுக மூடாமல் பிரிட்ஜில் வைப்பேன். நசிந்தது ஒன்று இருந்தாலும் எடுத்துவிடவேண்டும். அந்தப் பூஞ்சணம் குளிரிலும் வளரும், தொட்ட பழத்துக்குத் தாவும். கழுவுவது சாப்பிடும் நேரத்தில்தான், அதுவும் காம்போடு. காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் தண்ணீர் உள்ளே போய்விடும். சாப்பிட அரை மணித்தியாலம் முன்பே வெளியே எடுத்துவைப்பேன், குளிரோடு இருந்தால் வாசம் எழும்பாது.

மிஞ்சினதுக்கு அந்த மேல்மாடி அம்மா சொல்லித்தந்த வழி ஒன்று உண்டு. அடுப்பே வேண்டாம். ஒரு கிலோ பழத்துக்கு முந்நூறு கிராம் சீனி போட்டு, மசித்து, சீனி முழுக்கக் கரையும்வரை கிளறி, சின்னச் சின்ன டப்பாக்களில் உறையவைப்பது. ஜனவரியில் வெளியே பனி மலையாகக் குவிந்திருக்க, பாணில் அதைப் பூசும்போது லீயர் வயலின் மணம் அப்படியே வரும்.

2016இல் என் அம்மா வந்திருந்தா. லீயர் வீதியோரத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெடியன் பழம் விற்றுக்கொண்டிருந்தான். நான் அடியைத் திருப்பிப் பார்க்குமுன் அம்மா கூடையைக் கையில் எடுத்து, மாம்பழத்தை முகருவதுபோலக் காம்படியை மூக்கோடு வைத்து இழுத்தா. முதல் கூடையைத் திருப்பி வைத்தா. இரண்டாவதையும் வைத்தா.

மூன்றாவதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “இதை வாங்கு பிள்ளை, இது மரத்திலே பழுத்தது” என்றா.